பழைய இரும்பும் புதிய உலையும்
வீட்டுக் கொல்லையில் கொல்லுத் தொழில் பழக ஒரு வழிகாட்டி

இரும்புக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. கொடுமணலில் உலைகள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டு உருக்கை ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் லண்டனுக்குக் கொண்டு போனார்கள். மைக்கேல் ஃபாரடே 1819இல் அதை ஆராய்ந்தார்.

இந்தப் பெருமையெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் தேங்காய் வெட்டும் கத்தி மழுங்கிப் போனால் அதைக் காய்ச்சி அடித்துத் தர ஆள் தேடி அலைகிறோம். திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கம்போளத்தில் இரும்புச் சாமான் விற்றுப் பிழைப்பவன் நான். கடைக்கு வருகிற இளைஞர்களும், ஓய்வு பெற்றவர்களும் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “அண்ணாச்சி, வீட்டுக் கொல்லையிலே சின்னதா ஒரு உலை போடணும். எவ்வளவு செலவாகும்?” பழைய சாமானை வைத்தே தொடங்கலாம் என்பதுதான் என் பதில். அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சொல்லிலே ஒட்டியிருக்கும் உறவு

நாம் வாழும் இந்த ஊரில் கொல்லன் பட்டறைக்கு ‘ஆல’ என்று பெயர். சம்மட்டியைக் ‘கூடம்’ என்கிறார்கள். நம் பழைய அகராதிகளிலும் கூடம் என்றால் கொல்லன் சம்மட்டிதான். அவர்கள் ‘கொடில்’ என்பது நம்முடைய கொடிறு, அதாவது பற்றுக்குறடு. ‘அடகல்லு’ என்பது அடைகல். மலையாளத்து ஆசாரியிடம் தொழில் பேசப் போகும் தமிழனுக்கு மொழி ஒரு தடையே இல்லை.

உலை

லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று வாங்குங்கள். சென்னையில் காயலான் கடை என்பார்கள், இங்கே ஆக்ரிக் கடை. எடை போட்டுத் தருவார்கள். டிரம்மின் நடு ஓட்டைக்கு மேல் துளைகள் போட்ட கனமான தகடு ஒன்றை வைத்து, அடியிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் வழியாகக் காற்று கொடுக்க வேண்டும். குழாயை ‘டி’ வடிவத்தில் அமைத்து, கீழ்முனைக்கு ஒரு மூடி போட்டால் சாம்பலை அவ்வப்போது தட்டிவிடலாம். உள்பக்கம் களிமண்ணோடு மணல் கலந்து பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரமண் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

காற்றுக்கு, கையால் சுற்றும் பழைய புளோயர் கிடைத்தால் உத்தமம். தலைமுடி உலர்த்தும் கருவி கூடப் போதும். குழாயில் ஒரு தகடு செருகி, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்துகொள்ளுங்கள். காற்று அதிகமானால் கரியும் வீண், இரும்பும் வீண்.

எரிபொருளுக்கு இந்த நாட்டில் சிரட்டைக்கரி இருக்கிறது. கேரளத்துக் கொல்லர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது அதுதான். புகை குறைவு, சூடு அதிகம்.

பட்டடை

புதுப் பட்டடைக்கல் விலை அதிகம். தண்டவாளத் துண்டு போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். மீட்டருக்கு 52 கிலோ உள்ள தண்டவாளத்தில் ஓரடி எடுத்தால் ஏறக்குறைய 16 கிலோ வரும். அது நல்ல பட்டடைதான். ஆனால் ரயில்வே சொத்தை உரிய கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே ஏலத்தில் எடுத்தவரிடம் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அதற்கு மாற்று, பழைய பெரிய சம்மட்டித் தலை. புளியங்கட்டையில் குழி எடுத்து, அடிக்கும் முகம் மேலே தெரியும்படி அதைப் பதித்துவிட்டால் சிறு வேலைகளுக்குத் தாராளம். தண்டவாளத்தையும் படுக்க வைக்காமல் நட்டுக்குத்தாக நிறுத்தினால் அடியின் பலம் முழுவதும் இரும்புக்குப் போகும். உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால், பட்டடையின் முகம் அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே போனால் தோள் வலிக்கும், கீழே போனால் இடுப்பு போய்விடும்.

சுத்தியல் ஒரு கிலோ போதும். முகத்தின் விளிம்புகளை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். கூரான விளிம்பு ஒவ்வோர் அடியிலும் இரும்பில் வடு போடும். குறடு உடனே வேண்டாம். இரண்டடி நீளக் கம்பியாக எடுத்துக்கொண்டால் மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம்.

எந்த இரும்பு?

கட்டடக் கம்பி, பழைய கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி ஆகியவை மென்மையானவை. பழகுவதற்கும் கொக்கி, ஆணிக்கும் ஏற்றவை. ஆனால் அவை பதம் ஏறாது. லாரி, ஜீப்புகளின் பட்டை வில், அதாவது லீஃப் ஸ்பிரிங், நல்ல உருக்கு. அதில் கரிமம் சுமார் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். உளி, கத்தி, பாரை முனை எல்லாவற்றுக்கும் அதுதான். வார்ப்பிரும்பைக் காய்ச்சி அடிக்கவே கூடாது, உடைந்து சிதறும். பிரேக் டிரம்மே வார்ப்பிரும்புதான். அது உலைக்கு மட்டும்.

எது எது என்று தெரியாவிட்டால் சாணைச் சக்கரத்தில் வைத்துப் பாருங்கள். மென்மையான இரும்பு நீளமான பொறிக்கோடுகளாக விடும். உருக்கு, நுனியில் பூவாணம் போலக் கிளை பிரியும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும்.

முதல் வேலை

பத்து மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கொக்கி. கிணறு உள்ள வீட்டில் அதற்கு எப்போதும் வேலை இருக்கும். நுனியில் இரண்டங்குலம் ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சுங்கள். கூராக்க நேரடியாக உருட்டி அடித்தால் நடு பிளந்துபோகும். முதலில் சதுரமாக அடித்து, பிறகு எண்கோணமாக்கி, கடைசியில் உருட்ட வேண்டும். ஆசாரிமார் கை தானாகச் செய்கிற இந்த வரிசைதான் தொழிலின் அரிச்சுவடி. நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கினால் அடியை நிறுத்திவிட்டு மறுபடி உலையில் வையுங்கள். கம்பியிலிருந்து வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அந்தப் பகுதி இனி உதவாது, வெட்டி எறியுங்கள். கூர் வந்தபின் பட்டடையின் விளிம்பில் வைத்து வளைத்தால் கொக்கி தயார்.

தோய்ச்சலும் பதமும்

உருக்கில் உளி செய்தால் பதம் ஏற்ற வேண்டும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே சூடாக்கி, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் தீப்பிடிக்கலாம். எனவே மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வையுங்கள். பழைய எஞ்சின் ஆயிலின் புகை உடம்புக்கு ஆகாது. அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது.

இந்த நிலையில் இரும்பு கண்ணாடி போல உடையும். ஆகவே மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றி நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் சுமார் 220 டிகிரி, செம்பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. காய்கறிக் கத்திக்கு மஞ்சள் போதும். அடி வாங்குகிற உளிக்கு ஊதாவும் நீலமும். கொல்லர் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் அளந்த வெப்பமானி இதுதான்.

எச்சரிக்கை

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயையோ தகட்டையோ உலையில் போடாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். குரோமியப் பூச்சும் அப்படியே தவிர்க்க வேண்டியது. இரு முனையும் மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், பழைய சிலிண்டர் எதையும் காய்ச்சக் கூடாது, வெடிக்கும். மூடிய அறையில் கரியுலை வைத்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பருத்தித் துணி, மூடிய செருப்பு, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இவை கட்டாயம். பாலியெஸ்டர் வேட்டி வேண்டவே வேண்டாம். அஞ்சு சென்ட் மனையில் வீடுகள் நெருங்கியிருக்கும் ஊர் இது. பகலில் மட்டும் அடியுங்கள், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அறமும் இரும்பும்

சமணனாகிய நீ இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இல்லறத்தாருக்கு வகுத்த விரதங்களில், கொலைக்கருவியைப் பிறருக்கு உதவுவதைச் சமந்தபத்திரரின் ரத்தினகரண்ட சிராவகாசாரம் விலக்குகிறது. வாள், கோடரி மட்டுமல்ல, மண்வெட்டியும் நெருப்பும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. மறுபக்கம், ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களில் சிற்பமும் ஒன்று என்கிறது நம் புராண மரபு. கைத்தொழில் எல்லாம் அதில் அடக்கம்.

இந்த இரண்டையும் சேர்த்தே நான் படிக்கிறேன். உலை பொது, அதிலிருந்து எடுப்பது நம் விருப்பம். புறநானூற்றில் பொன்முடியார் கொல்லனுக்கு வகுத்த கடமை வேல் செய்து தருவது. அது போர்க்காலத்துக் கணக்கு. இங்கிருந்து பக்கத்திலிருக்கும் சிதறால் மலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய உளியும் ஒரு கொல்லன் உலையில் பிறந்ததுதான். கல்லில் மழுங்கிய அந்த உளியைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கூராக்கிக் கொடுத்த கையின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்தக் கை இல்லாமல் அந்த உருவமும் இல்லை. ஆகவே வாள், அரிவாள் மோகத்தோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உளி செய்யுங்கள், கொக்கி செய்யுங்கள், பழைய மண்வெட்டிக்கு இலை வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புத்தகத்தில் படித்ததும், கட்டுரையில் எழுதியதும் பாதிதான். உங்கள் பகுதியில் இன்னும் ஓர் ஆலை எரிந்துகொண்டிருந்தால் போய் வணங்கி, ஆசாரியின் ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, துருத்திப் பக்கத்தில் உட்காருங்கள். இரும்பு எந்த நிறத்தில் வெளியே வருகிறது, எத்தனை அடியில் உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். பழைய இரும்பு ஆக்ரிக் கடையில் எப்போதும் கிடைக்கும். அந்தக் கண்ணும் கையும் போய்விட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.