வெள்ளத்தில் மூழ்கிய வாகனம்: சாவியைத் திருப்பும் முன்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியபோதும், நகரின் தாழ்வான பகுதிகளில் கார்களும் இருசக்கர வாகனங்களும் பெருமளவில் நீரில் மூழ்கின. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதற்கு, முந்தைய ஆண்டுகளில் பட்ட பாடே காரணம். மூழ்கிய வாகனத்தை மீட்பது மெக்கானிக்கின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், நீர் வடிந்த பின் உரிமையாளர் முதலில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே எஞ்சின் பிழைப்பதும், காப்பீட்டுத் தொகை கைக்கு வருவதும் பெரும்பாலும் அமைகின்றன.

எஞ்சினுக்குள் நீர் புகுந்தால்

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலெழும்போது அங்குள்ள காற்றும் எரிபொருளும் அழுத்தப்பட்டுச் சுருங்குகின்றன. நீர் அவ்வாறு சுருங்குவதில்லை. எனவே ஏர் ஃபில்டர் வழியாக நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால், மேலெழ முடியாத பிஸ்டனுக்கும் சுழலும் அச்சுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது. சில வேளைகளில் முறிந்து எஞ்சின் கூட்டையே துளைத்துவிடுகிறது. இதுவே ‘ஹைட்ரோஸ்டாடிக் லாக்’ எனப்படுகிறது. அணைத்து நிறுத்தப்பட்ட நிலையில் மூழ்கிய எஞ்சினை, விரைந்து கவனித்தால், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியே பழுதைப் பேரிழப்பாக மாற்றுகிறது.

உயிருக்கான ஆபத்து

வேகமாக ஓடும் நீர் சுமார் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்கச் செய்யும், 60 செ.மீ. ஆழத்தில் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். ஆதலால் சுரங்கப்பாதையிலோ தரைப்பாலத்திலோ நீர் ஓடும்போது வண்டியை இறக்குவதும், நீர் வடியும் முன் அதை மீட்கச் செல்வதும் தவிர்க்க வேண்டியவை; அறுந்து விழுந்த மின்கம்பி நீருக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மின்சார வாகனம் மூழ்கியிருந்தால் அதனைச் சார்ஜ் செய்யவே கூடாது. உப்புநீர் புகுந்த லித்தியம் பேட்டரி சில நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், தயாரிப்பு நிறுவனத்தின் வல்லுநர் சோதிக்கும்வரை வண்டியைக் கட்டடங்களிலிருந்து தள்ளி நிறுத்துவதே பாதுகாப்பு.

மீட்கும் முறை

நீர் வடிந்தபின், வண்டியைத் தொடுவதற்கு முன்பே, உள்ளும் புறமும் நீர் நின்ற மட்டம் தெரியும்படி படங்கள் எடுக்க வேண்டும். பின்னர் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் முழுவதுமாக ஏற்றிப் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மெக்கானிக் முதலில் உருவிப் பார்ப்பது, எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை. அதில் ஒட்டியிருக்கும் ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுழற்றி, சிலிண்டரில் தேங்கிய நீரை அந்தத் துளைகள் வழியே வெளியேற்றுகின்றனர். ஆயில், ஃபில்டர்கள், எரிபொருள், கியர் ஆயில் ஆகிய அனைத்தையும் மாற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

காப்பீடு தரும் உரிமை

மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்பீடு, பிறருக்கு விளையும் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் எடுத்தவரே வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கோரலாம். அப்போதும், மூழ்கிய எஞ்சினை இயக்கியதால் விளைந்த பழுதை, நேரடிச் சேதம் அல்லாத ‘தொடர்விளைவு இழப்பு’ என்று கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. பழுது நீக்குமுன் வண்டியை ஓட்டினால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்பதும் வழக்கமான பாலிசி நிபந்தனைகளுள் ஒன்று. கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெறும் ‘எஞ்சின் பாதுகாப்பு’ இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். ஆயினும் அதன் விதிவிலக்குகளையும் படித்தறிவது அவசியம். பழுதுச் செலவு, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கருதப்படுவது நடைமுறை. நிறுவனத்துக்கு உடனே தகவல் தெரிவிப்பதும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்வையிடும்வரை பாகங்களைப் பிரிக்காதிருப்பதும் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெற்று, நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் முதலில் முறையிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையத்தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, தனிநபர்கள் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. நீர்மட்டம் காட்டும் படங்களும், இழுவை வண்டிக்குச் செலுத்திய கட்டணத்தின் ரசீதும், சர்வேயர் அறிக்கையும் அங்கே சான்றாக நிற்கும்.

ஆகவே, வாகன உரிமையாளர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தங்கள் பாலிசியை எடுத்து, சொந்தச் சேதக் காப்பீடும் எஞ்சின் பாதுகாப்பும் அதில் உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி மூழ்கிவிட்டால், மெக்கானிக் சொல்லும்வரை சாவியைத் தொடாதிருக்க வேண்டும்.