கரிசல் காட்டுக் காவலன்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஒருநாள் கேன்டீனில் பேச்சு நாய்கள் பக்கம் திரும்பியது. "எங்க தாத்தாகிட்ட சிப்பிப்பாறை இருக்கு" என்றேன். திரேஸ்புரத்து நண்பன் ஒருவன் உடனே, "அது எந்தப் பக்கத்துப் பாருல? நான் கேள்விப்பட்டதே இல்லையே!" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அவன் கேட்டதில் தப்பில்லை. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டைத் தூத்துக்குடியில் 'பார்' என்றுதான் சொல்வார்கள். 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், அந்தப் பேச்சு அவன் வீட்டில் நிற்கவில்லை. ஆனால் நான் சொன்ன சிப்பிப்பாறை கடலில் இல்லை. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமம் அது. அந்த ஊரின் பெயரைச் சுமக்கும் நாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தது?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரமே இந்த நாயின் சொந்த மண். இரண்டடி உயரம். நீண்ட கால்கள், ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு. வெயிலுக்கேற்ற குட்டை ரோமம். இதற்கு நெருங்கிய சொந்தம் கன்னி நாய். கறுப்பு உடம்பில் கால்களும் முகமும் பழுப்பாக இருக்கும். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு இந்த நாயையும் கொடுத்து அனுப்பியதால் 'கன்னி' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

அரேபியாவின் சலுகி நாயும் பார்ப்பதற்கு இதே சாயல்தான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயல் துறைமுகத்தில் இறங்கியதை எழுதி வைத்திருக்கிறார். குதிரையோடு நாயும் இறங்கியிருக்கும் என்பது சிலருடைய ஊகம். ஊகம் ஊகமாகவே இருக்கட்டும். எங்கே பிறந்திருந்தாலும், இன்றைய குணத்தை அதற்குக் கொடுத்தது கரிசலும் ஆட்டுக்கிடையும்தான்.

கிடை என்றால் என்ன?

எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம். எங்களுடையது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வோம். அறுப்பு முடிந்ததும் ஆடுகளை ஊர் ஊராக ஓட்டிப் போய், ராத்திரியில் ஒருவருடைய நிலத்தில் அடைத்து வைப்போம். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குக் கூலியாகத் தானியமோ பணமோ கிடைக்கும். இதுதான் கிடை போடுவது. திறந்த வெளி, இருட்டு, நூற்றுக்கணக்கில் ஆடு. நரி வரும், திருடனும் வருவான். மனிதன் கண்ணயரும் அந்த நேரத்தில்தான் நாய்க்கு டியூட்டி ஆரம்பம்.

மேய்க்கிற நாயா, காக்கிற நாயா?

டி.வி.யில் பார்டர் கோலி நாயைப் பார்த்திருப்பீர்கள். பதுங்கி, முறைத்துப் பார்த்தே ஆடுகளைத் திருப்பும். "நம்ம நாய் ஏன் அப்படிச் செய்யல?" என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன். "ஏய்யா, பகல்ல மேய்க்க நாம இருக்கோம்ல. ராத்திரிய மேய்க்கத்தான் நாயி" என்றார்.

இதில் ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டனில் ஓநாய்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. அங்கே நாய்க்குக் காவலைவிட மேய்ச்சல் வேலைதான் அதிகம். ஓநாய் உள்ள இத்தாலி, துருக்கி, இமயமலைப் பகுதிகளில் ஆட்டு நாய் என்றால் காவல் நாய். நம்முடையதும் அந்த வழிதான். விசிலும் தொரட்டிக் கம்பும் மந்தையைத் திருப்பும், நாய் அதைக் காக்கும்.

இந்தப் பழக்கம் குட்டியிலேயே தொடங்குகிறது. பால்குடி மறந்ததும் நாய்க்குட்டியை ஆட்டுக்குட்டிகளோடு விட்டுவிடுவோம். ஆட்டு வாசனையிலேயே வளர்வதால், மந்தையைத் தன் குடும்பமாக நினைத்துக்கொள்ளும்.

குணம் எப்படி?

ஒரே ஆளுக்கு அடங்கும். அந்நியர் கொடுப்பதைத் தின்னாது. சும்மா குரைக்காது. எங்கள் செவலைக்கு இரண்டு குரல் உண்டு. வழிப்போக்கனுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று. முதல் குரலுக்குத் தாத்தா திரும்பிப் படுத்துக்கொள்வார். இரண்டாவது குரல் கேட்டால் தொரட்டியோடு எழுந்துவிடுவார்.

முயலைத் துரத்திப் பிடிக்கும் வேகமும் இதற்கு உண்டு. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அழகா, வேலையா?

2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020-ல் தேசிய அளவில் பதிவு பெற்ற முதல் நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருந்தன. பெருமைதான். ஆனால் பேர் வந்ததும் ஆபத்தும் வந்தது.

ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். தூய வெள்ளை வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்ததில், பல குட்டிகள் பிறவிச் செவிடாகிவிட்டன. காது கேட்காத காவல் நாய்! நம் ஒர்க்‌ஷாப்பில் பளபளவென்று இருக்கும் முனை மழுங்கிய உளியை யாராவது கையில் எடுப்போமா? இனம் என்பது நிறமும் உயரமும் மட்டும் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைதான் இனம்.

அந்த வேலையே இன்று குறைந்து வருகிறது. ரசாயன உரம் வந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இன்னொரு காரணம் நானே. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். தொரட்டி பிடிக்க வேண்டிய ஒரு கை டிராஃப்டர் பிடிக்கப் போனதும், தாத்தா பாதி ஆட்டை விற்றுவிட்டார். செவலை இப்போது வீட்டு வாசலில் சங்கிலியில் கிடக்கிறது. லீவுக்குப் போனால் ராத்திரியில் அது எழுந்து தொழுவத்தைப் பார்த்து நிற்பதைக் காண்கிறேன். படிக்க வந்ததில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

நண்பர்களே! குட்டி கேட்டு என்னிடம் வருகிறீர்கள். முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓட இடம் இருக்கிறதா? தினமும் ஓட்டிப்போக ஆள் இருக்கிறதா? குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறதா? இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வாங்காதீர்கள்.

அதைவிட நல்ல உதவி ஒன்று இருக்கிறது. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். இந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் கிடை போடச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள். நிலத்துக்கு உரம் கிடைக்கும், ஆட்டுக்காரருக்குக் கூலி கிடைக்கும், ஒரு நாய்க்கு அதன் வேலையும் திரும்பக் கிடைக்கும்.