புல்லைப் பெயர்த்தால் பணம்!

பாலைவன நகரத்தில் தோட்டம் போட என்ன செலவு?

புல் வளர்க்கச் சொல்லிப் பரிசு கொடுக்கும் ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. வளர்ந்து நிற்கும் புல்லைப் பெயர்த்து எறிந்தால் பணம் கொடுக்கும் ஊர் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த லாஸ் வேகாஸ்தான் அது. சூதாட்டத்துக்கும் வர்ண விளக்குகளுக்கும் பேர்போன நகரம். அங்கே வீட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரையை எடுத்துவிட்டு, பாலைவனச் செடிகளை நட்டு, சொட்டு நீர்க் குழாய் போட்டால், சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று தண்ணீர் வாரியம் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறது. சில வருஷங்கள் 3 டாலராக இருந்த இந்தத் தொகை, 2024-ல் வீட்டுத் தோட்டங்களுக்கு 5 டாலராக உயர்ந்தது.

பச்சைப் புல்லின் மீது அப்படி என்ன பகை? பகை ஒன்றும் இல்லை. எல்லாம் தண்ணீர்க் கணக்குதான்.

பெயரில் மட்டும் பசுமை

'லாஸ் வேகாஸ்' என்ற ஸ்பானிஷ் சொல்லுக்குப் 'புல்வெளிகள்' என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே ஊற்றுக்கள் பொங்கின. சுற்றிலும் புல் வளர்ந்திருந்தது. பாலைவனத்தைக் கடந்த பிரயாணிகள் அங்கே தங்கித் தாகம் தீர்த்துக்கொண்டார்கள். அந்த நீரை நம்பியே 1905-ல் ரயில்வே ஊராக லாஸ் வேகாஸ் பிறந்தது. ஊர் பெருகப் பெருக, கிணறுகளும் பெருகின. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போயிற்று. 1962-ல் ஊற்றுக்கள் அடியோடு நின்றுவிட்டன. புல்வெளி பெயரில் மட்டும் மிஞ்சியது.

அங்கே வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 4 அங்குலம். கோடையில் வெயில் 110 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். இன்று நகரத்துக்கு வேண்டிய தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரி வழியாக வருகிறது.

அந்த ஆற்றிலும் நெவாடாவின் பங்கு மிகச் சிறியது. 1928-ஆம் வருஷத்துச் சட்டப்படி கலிபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர்-அடி. அரிஸோனாவுக்கு 28 லட்சம். நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி. ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர். பங்கு பிரித்த நாளில் அந்தப் பக்கம் ஜனங்கள் மிகக் குறைவு. இன்றோ லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பங்கு மட்டும் கூடவில்லை.

உள்ளே போனது திரும்பும், வெளியே போனது திரும்பாது

இங்கே ஒரு விநோதம். வீட்டுக்குள் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவச் செலவாகும் தண்ணீர் லாஸ் வேகாஸுக்கு நஷ்டமே இல்லை. கழிவு நீரில் பெரும் பகுதியைச் சுத்தம் செய்து மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவு மறுபடியும் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. தோட்டத்தில் பாய்ச்சிய தண்ணீர் அப்படியல்ல. வெயில் குடித்துவிடும், காற்று கொண்டுபோய்விடும். ஆகவே அங்கே தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் குளியலறை அல்ல, தோட்டந்தான்.

தெற்கு நெவாடா நீர் வாரியம் பல நூறு வீடுகளில் வருஷக் கணக்கில் மீட்டர் வைத்து அளந்து, 2005-ல் ஆராய்ச்சி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு சதுர அடி புல்லுக்கு ஆண்டில் 73 காலன் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று தெரிந்தது. மழையளவில் சொன்னால் 117 அங்குலம்! வானம் கொடுப்பது 4 அங்குலம். புல்லுக்கு ஜனங்கள் வார்ப்பது 117 அங்குலம். அதே சதுர அடியில் பாலைவனச் செடிகளை வைத்துச் சொட்டு நீர் விட்டால் 17 காலன் போதும். ஆயிரம் சதுர அடிப் புல்லை மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் மிச்சம்.

செலவு எவ்வளவு?

சொட்டு நீர்ப் பாசனம் என்றால் ஓட்டை போட்ட குழாய் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி வராமல் தடுக்க ஒரு தடுப்பு வால்வு வேண்டும். நேரம் வைத்தால் தானே திறந்து மூடும் மின்சார வால்வும், அதற்கு ஒரு கடிகாரப் பெட்டியும் வேண்டும். மண்ணையும் துரும்பையும் பிடிக்க வடிகட்டி. குழாயின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு கருவி. அது இல்லாவிட்டால் இணைப்புகள் பிய்த்துக்கொண்டு போகும். இத்தனைக்கும் பிறகுதான் பிளாஸ்டிக் குழாயும், செடிக்குச் செடி மணிக்கு ஒரு காலன், இரண்டு காலன் என்று சொட்டவிடும் சிறு சொட்டிகளும்.

மேற்சொன்ன அறிக்கை செலவையும் கணக்கிட்டது. புல்லை எடுத்து, குழாய் போட்டு, செடி வைத்து, சரளை பரப்பி முடிக்க, அன்றைய விலையில் சதுர அடிக்குச் சராசரி 1 டாலர் 55 செண்டு. வீட்டுக்காரரே மண்வெட்டி பிடித்தால் 1 டாலர் 37 செண்டு. காண்டிராக்டரிடம் விட்டால் 1 டாலர் 93 செண்டு. ஆயிரம் சதுர அடிக்குக் கூலி வித்தியாசம் மட்டும் 560 டாலர்! பிறகு விலைவாசி ஏறியது. மானியம் உயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வரவுப் பக்கமும் உண்டு. மாற்றிய வீடுகளில் மொத்தத் தண்ணீர்ச் செலவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. புல் வெட்டுவது, உரம் போடுவது போன்ற வேலைகளில் மாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாயிற்று. பராமரிப்பில் ஆண்டுக்கு 200 டாலருக்குச் சற்று அதிகமாகவே மிஞ்சியது.

மானியத்துக்கு நிபந்தனைகளும் கடுமை. முதலில் வாரியத்தின் ஆள் வந்து புல்லைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே பெயர்த்துவிட்டுப் போய் நின்றால் காசு கிடையாது. வெறும் சரளைக்கல் பரப்பிவிட்டாலும் செல்லாது. செடிகள் வளர்ந்தபின் பாதி நிலத்தையாவது மூட வேண்டும். வேலை முடிந்த பிறகே பணம். ஆகவே முதலில் கைமுதல் போட முடிந்தவர்களுக்குத்தான் இந்த மானியம் சுலபமாக எட்டுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு அதுவே பெரிய தடை.

எஸ்டிமேட்டில் வராத செலவுகள்

பாலைவனம் வேறு வழிகளிலும் பணம் பறிக்கும். அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணுக்கடியில் பல இடங்களில் 'கலீச்சே' என்ற கெட்டிப் படலம் இருக்கிறது. நம் ஊர்ச் சுக்கான் பாறையைப் போன்றது. கடப்பாரை துள்ளும். குழாய்க்குப் பள்ளம் பறிக்கும் கூலி அங்கே இரட்டிப்பாகிவிடும்.

ஆற்று நீரோ கடின நீர். சொட்டியின் வாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். செடி வாடிய பிறகே அடைப்பு தெரியவரும். வெளியே கிடக்கும் குழாயை வெயில் வறுத்து வெடிக்க வைக்கும். அடிக்கடி கொஞ்சங் கொஞ்சமாக நீர் விட்டால் உப்பு வேரடியிலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி நின்று சொட்டவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் மரம். புல்லுக்குத் தெளித்த தண்ணீரைக் குடித்தே பல மரங்கள் வளர்ந்தன. புல்லோடு தெளிப்பானையும் நிறுத்திவிட்டு, மரத்துக்குத் தனியாகச் சொட்டிகள் வைக்க மறந்தால், இருபது முப்பது வருஷத்து மரம் சில கோடைகளிலேயே பட்டுப்போகும். அந்த வெயிலில் ஒரு மரத்தின் நிழலுக்கு விலை போட முடியுமா? குழாய்க்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் மரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

பணம் மட்டும் போதவில்லை, சட்டமும் வந்தது. 2003 முதல் புதிய வீடுகளின் முன்புறத்தில் புல்தரைக்குத் தடை. கோடைக் காலத்தில் காலை 11 மணியிலிருந்து இரவு 7 மணி வரை தெளிப்பான் ஓடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு முழு விடுமுறை. தெருவில் தண்ணீர் ஓடினால் அபராதம். 2021-ல் மாநிலச் சட்டசபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சாலையோரம், அலுவலக வாசல் போன்ற இடங்களில் யாரும் உட்காராத, விளையாடாத அலங்காரப் புல்லுக்கு 2027 ஜனவரி முதல் ஆற்று நீர் கிடையாது என்பது அந்தச் சட்டம். தனி வீடுகளுக்கு அது பொருந்தாது.

அதே 2021-ல் ஆகஸ்ட் மாதம் கொலராடோ ஆற்றில் முதல் தடவையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 1,30,000 சொச்சம் அல்ல, 21,000 ஏக்கர்-அடிதான் நெவாடாவுக்கு 2022-ல் வெட்டு. ஆனால் மொத்தமே 3 லட்சம் உள்ள இடத்தில் அது சிறு தொகையல்ல. ஆயினும் லாஸ் வேகாஸ் தத்தளிக்கவில்லை. இருபது வருஷங்களில் ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கு மேல் கூடியும், ஆற்றிலிருந்து செலவான தண்ணீர் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 20 கோடி சதுர அடிக்கு மேல் புல்லைப் பெயர்த்ததன் பலன் அது.

சூதாட்ட மேஜையில் பணத்தை வைத்து இழப்பது அந்த ஊருக்கு வருகிறவர்களின் வழக்கம். தண்ணீரை மட்டும் பணயம் வைப்பதில்லை என்று அங்கேயே வாழ்கிறவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.