பழைய டெஸ்லா மாடல் எஸ் வாங்கலாமா?

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், பழைய கார் ஒன்று தேடுகிறீர்கள் என்றால் 2013 முதல் 2016 வரை வந்த டெஸ்லா மாடல் எஸ் கார்கள் கட்டாயம் கண்ணில் படும். புதிதில் பலவும் 80,000, 90,000 டாலருக்கு விற்றவை. இன்று அவற்றில் பல, புதிய டொயோட்டா கொரோல்லாவைவிடக் குறைந்த விலைக்கு வருகின்றன. சொகுசான இருக்கை, அபாரமான வேகம், பெட்ரோல் செலவு இல்லை. ஆசை வருவது நியாயம்தான்.

ஏன் இவ்வளவு மலிவு? முதல் காரணம், வாரண்டி முடிந்துவிட்டது. அந்தக் கார்களின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நிறுவனம் எட்டு ஆண்டு வாரண்டி கொடுத்தது. 2014-இல் வாங்கிய காருக்கு அது 2022-லேயே தீர்ந்தது. இனி பேட்டரி பழுதானால் செலவு முழுக்க உங்களுடையது. நிறுவனத்திடமே மாற்றினால் பெரும்பாலும் 10,000 டாலருக்கு மேல் ஆகும். சில நேரம் அது காரின் விலையையே தாண்டிவிடும். விலை இறங்கியிருப்பதற்கு இந்தப் பயமே முக்கியக் காரணம்.

பேட்டரி நாளாக ஆகத் தேயுமே, அதற்குத்தானே பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தேய்மானம், மற்றொன்று திடீர்ப் பழுது. தேய்மானம் மெதுவாக வரும், அதோடு வாழ்ந்துவிடலாம். 85 கிலோவாட் மணி (பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் உள்ள கார், புதிதில் முழுச் சார்ஜுக்கு 265 மைல் ஓடும் என்பது அரசின் கணக்கு. இப்போது 235, 240 மைல் காட்டினால் பத்து சதவீதம் போல இழந்திருக்கிறது. இந்த வயதுக்கு அது நல்ல நிலை. வேலைக்குப் போய்வர இது தாராளம்.

பயப்பட வேண்டியது திடீர்ப் பழுதுக்குத்தான். அந்த 85 பேட்டரிக்குள் 7,104 சிறிய செல்கள் இருக்கின்றன. 74 செல்கள் சேர்ந்தது ஒரு குழு. அப்படி 96 குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. தொடராக இருப்பதால், 95 குழுக்கள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் பலவீனமானாலும் முழு பேட்டரியும் அந்த ஒன்றின் அளவுக்கே வேலை செய்ய முடியும். காரின் கணினி இதைக் கவனித்ததும், சார்ஜ் அளவு குறைக்கப்பட்டுள்ளது, சர்வீஸுக்குக் கொண்டுவரவும் என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையைக் காட்டி, ஓடும் தூரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். நேற்று வரை 230 மைல் காட்டிய காருக்கும் இது நேரலாம். பேட்டரிப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து துருப்பிடிப்பதும் இந்தப் பழுதுக்கு ஒரு காரணம்.

அப்படியானால் வாங்குமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவரிடம் முந்தின இரவே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். திரையில் சதவீதம் தெரிந்தால் அதை மைலுக்கு மாற்றிப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு, மின்சாரக் கார்களைப் பிரித்து வேலை பார்க்கும் தனி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், 96 குழுக்களின் வோல்டேஜையும் படிக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே நின்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே பேட்டரி மாற்றிய கார் என்றால்? நல்ல செய்தியாக இருக்கலாம், பில்லைக் கேளுங்கள். நிறுவனமே முழு பேட்டரியை மாற்றியிருந்தால், அதற்கு இன்னும் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் 16 கட்டுகளில் (குழுக்களைச் சேர்த்து அடைத்த பெட்டிகள்) ஒன்றை மட்டும் வேறொரு பழைய காரிலிருந்து எடுத்துப் பொருத்தியிருந்தால் நான் தயங்குவேன். வயதும் தேய்மானமும் வேறான கட்டு, மற்ற பதினைந்தோடு ஒத்துப்போகாமல் சில மாதங்களில் பழைய எச்சரிக்கையே திரும்பி வருவது உண்டு.

மைல் அதிகம் ஓடிய காரைத் தவிர்க்க வேண்டுமா? பெட்ரோல் காரில் அது முக்கியம். இங்கே அது மட்டும் போதாது. தினமும் அளவாகச் சார்ஜ் ஏற்றி ஓட்டிய காரைவிட, வெயில் ஊரில் முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் நின்ற காரின் பேட்டரி மோசமாக இருக்கக்கூடும்.

அடுத்தது மோட்டார். பின்சக்கரம் மட்டும் இயங்கும் கார்களிலும், பெயரில் 'பி' எழுத்து உள்ள அதிவேகக் கார்களிலும் பின்னால் பெரிய மோட்டார் இருக்கும். அதைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம், உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து மோட்டாருக்குள் கசிவது தெரிந்த நோய். முற்றினால் மோட்டாரே போய்விடும். மெக்கானிக் மோட்டாரின் வேக சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், சிறிய வேலைதான். 2014 இறுதியில் இரண்டு மோட்டார் கார்கள் வரத் தொடங்கின. 'பி' இல்லாத 70டி, 85டி வகைகளில் இருப்பவை சிறிய மோட்டார்கள். என்னைக் கேட்டால், விலை சற்றுக் கூடினாலும் அவற்றையே தேடுங்கள் என்பேன்.

நடுவில் இருக்கும் பெரிய திரை பழுதானால் என்ன ஆகும்? பின்பக்கக் கேமரா, கண்ணாடிப் பனி நீக்கி எல்லாம் அதற்குள்தான். 2018 தொடக்கம் வரை வந்த கார்களில், திரைக்குப் பின்னால் உள்ள 8 ஜிபி நினைவகச் சில்லு எழுதி எழுதியே தேய்ந்துபோனது. 2021-இல் சுமார் 1,35,000 கார்களுக்கு ரீகால் (நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தரும் அழைப்பு) வந்தது. இதோடு, பயணி பக்கத்து ஏர்பேக்குக்கும் பவர் ஸ்டியரிங் போல்ட்டுக்கும் வெவ்வேறு ரீகால்கள் உண்டு. காரின் வின் எண்ணை அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் இட்டால், எது பாக்கி என்று இலவசமாகப் பார்க்கலாம். உப்புத் தூவும் பனி ஊர்க் கார் என்றால் அந்த ஸ்டியரிங் போல்ட்டை மறக்கவே கூடாது.

தானாக வெளியே நீளும் கதவுக் கைப்பிடிகள் அடிக்கடி பழுதாகும். நான்கையும் பலமுறை திறந்து பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார், இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காற்று கசிகிறது.

வாழ்நாள் முழுதும் இலவசச் சூப்பர்சார்ஜர் (டெஸ்லாவின் அதிவேகச் சார்ஜ் நிலையம்) என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா? சில பழைய கார்களுக்கு அது உண்மையிலேயே காரோடு சேர்ந்து வரும். நிறுவனம் திரும்ப வாங்கி விற்ற கார்களில் பெரும்பாலும் அது நீக்கப்பட்டிருக்கும். விற்பவரின் செயலியில் காட்டச் சொல்லுங்கள். விபத்தில் நொறுங்கி 'சால்வேஜ்' என்று ஆவணத்தில் பதிந்த காருக்கோ அதிவேகச் சார்ஜே மறுக்கப்படலாம். எவ்வளவு மலிவாக வந்தாலும் அது வேண்டாம்.

பழைய மின்சாரக் காருக்கு அரசு 4,000 டாலர் வரை வரிச் சலுகை தருமே? அது 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. அதைக் காட்டி விலை பேசினால் ஏமாறாதீர்கள்.

ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டு போகலாமா என்ற கேள்வியும் வரும். முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரையும் இடப்பக்க ஸ்டியரிங் உள்ள காரையும் இந்தியா இறக்குமதிக்கு அனுமதிப்பதில்லை.

யார் வாங்கலாம்? வீட்டில் இன்னொரு கார் இருக்க வேண்டும். இரவில் சார்ஜ் போட 240 வோல்ட் இணைப்புள்ள சொந்த கராஜ் வேண்டும். ஓட்டிப் போகும் தூரத்தில் நல்ல தனி மெக்கானிக் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் விலை போக, ஒரு பேட்டரிக்கான பணம் கையில் மிச்சம் இருக்க வேண்டும். கடன் வாங்கித்தான் இந்தக் காரையே வாங்குகிறீர்கள், வேலைக்குப் போக இது ஒன்றுதான் என்றால், தயவுசெய்து வாரண்டி மிச்சமுள்ள சிறிய மின்சாரக் காரைப் பாருங்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பணம் கைமாறும் அதே இடத்தில் விற்பவரைத் தன் செயலியைத் திறந்து காரை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அது நடக்கும் வரை, கார் எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்கலாம், கதவையும் திறக்கலாம். உங்கள் போனில் கார் தெரிந்த பிறகு காசோலையைக் கொடுங்கள்.