எந்த வன்தட்டைக் கழற்றுவது? விளக்கு சொல்லட்டும்!

கிள்ளான் பள்ளி ஒன்றின் எஸ்.பி.எம். பயிற்சித்தாள்கள் எல்லாம் நான்கு வன்தட்டுகள் கொண்ட ரெய்டு 5 பெட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு பழுதானாலும் மற்ற மூன்றும் தரவைக் காப்பாற்றும். அந்த நேரத்தில் தவறி நல்ல தட்டைக் கழற்றிவிட்டால்? தொகுப்பு அப்படியே நின்றுவிடும், தரவும் போய்விடலாம்.

அதைத் தடுக்கத்தான் தட்டின் முன்னால் இரண்டு விளக்குகள். ஒன்று தட்டு வேலை செய்வதைக் காட்டும். மற்றது நிலை விளக்கு. ஐ.பி.பி.ஐ. என்ற பொது விதிப்படி இது பேசும் மொழியைப் பாருங்க:

• அணையாமல் எரிந்தால்: பழுது
• வினாடிக்கு ஒருமுறை சிமிட்டினால்: புதுத் தட்டில் தரவை மீண்டும் எழுதுகிறது
• வினாடிக்கு நான்குமுறை சிமிட்டினால்: "நான் இங்கே இருக்கேன்"

லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் இந்த விளக்குகள் தானாக எரியும் என்று நம்பிவிடாதீங்க. 'லெட்மான்' என்ற சேவையை நிறுவி, கணினி தொடங்கும்போதே அதுவும் இயங்குமாறு அமைக்க வேண்டும். அதனுடன் வரும் 'லெட்சிடிஎல்' கட்டளையால் ஒவ்வொரு தட்டாகச் சிமிட்டச் செய்து, சரியான இடத்தில்தான் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தட்டின் வரிசை எண்ணைத் தாளில் எழுதி, அந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். சில பெட்டிகளில் இந்த வசதி இருக்காது. அங்கே அந்தத் தாள்தான் துணை.

இந்தச் சோதனையை எல்லாத் தட்டும் நலமாக இருக்கும்போதே செய்யுங்கள். மாணவர்களே, இன்னொன்று: ரெய்டு இருக்கிறது என்பதற்காகத் தனிப் படி எடுப்பதை விட்டுடாதீங்க. தவறுதலாக அழித்த கோப்பை எந்த விளக்கும் மீட்டுத் தராது.