சாஸிலும் கோலாவிலும் கேரமல் நிறம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சிங்கப்பூரின் தேக்காவில் வாங்கிய கருப்பு சோயா சாஸில் ‘நிறமூட்டி 150சி’ என்று போட்டிருக்கிறது. அது சீனிப் பாகுதானே?

150 என்பது கேரமல் நிறம். சீனியில்தான் தொடங்குகிறது. ஆனால் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் எழுத்தைக் கவனியுங்கள். அம்மோனியாவோ சல்ஃபைட்டோ சேராமல் காய்ச்சினால் 150ஏ. சல்ஃபைட் சேர்த்தால் பி, அம்மோனியா சேர்த்தால் சி, இரண்டும் சேர்த்தால் டி. கோலா பானங்களில் டி வகையே பயன்படுகிறது. அமிலத்தில் அது திரியாது.

புற்றுநோய் வரும் என்கிறார்களே?

பேச்சுக்குக் காரணம், சி, டி வகைகளில் உருவாகும் 4-மெத்தில்இமிடசோல். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஆய்வில், அதை அதிக அளவில் உண்ட எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் வந்தன. 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை, ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் அதைச் சேர்த்தது. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதையே சொல்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. கலிஃபோர்னியா நாளொன்றுக்கு 29 மைக்ரோகிராம் என்று கோடு போட்டது. அதைத் தாண்டினால் எச்சரிக்கை அச்சிட வேண்டும். பெரிய கோலா நிறுவனங்கள் 2012இல் தயாரிப்பு முறையை மாற்றின. எலிகளுக்குக் கொடுத்த அளவை எட்ட நாளுக்கு ஆயிரம் டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அப்போது விளக்கியது.

கோப்பிக் கொட்டையை வறுக்கும்போதும் இதே பொருள் இயல்பாகவே உருவாகிறது. அதற்காகக் காலைக் கோப்பியைக் கைவிடச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எவ்வளவு சாப்பிடலாம்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் நான்கு வகைக்கும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்றது. சி வகைக்கு மட்டும் 100. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 6 கிராம். சமையலில் ஊற்றும் ஒரு கரண்டி சாஸுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குழந்தை தினமும் கோலா குடித்தால் அஞ்சலாம், ஆனால் முதலில் சீனிக்காக.

சைவமா?

ஆம், மூலப்பொருள் சர்க்கரை வகைகளே.

ஆஸ்துமா உள்ளவர்கள்?

பி, டி வகைகளில் சேரும் சல்ஃபைட் சிலருக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். ஒரு கிலோ உணவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிங்கப்பூரில் அதை உறையில் குறிப்பிட்டாக வேண்டும். அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பழுப்பு ரொட்டி என்றால் முழுக் கோதுமைதானே?

நிறத்தை நம்பாதீர்கள். வெள்ளை மாவு ரொட்டிக்கும் கேரமல் பழுப்பு நிறம் தரும். உட்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது முழுக் கோதுமை மாவா என்று பார்த்து வாங்குங்கள்.