சூரிய மின்வேலியும் ஷாட்கி டயோடின் கசிவும்

காட்டுப்பன்றித் தொல்லையுள்ள ஊர்களில் குடியானவர்கள் பலர் சூரியசக்தி மின்வேலி போட்டிருக்கிறார்கள். பகலில் தகடு பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிறது. இரவில் அப்பாட்டரி வேலியை இயக்குகிறது. விடியுமுன் பாட்டரி இறங்கிவிட்டால் வேலி வெறுங் கம்பியே. ஓரிரவில் கடலைக் கொல்லை பாழாகும். அப்போது முதலில் குற்றஞ் சாட்டப்படுவது தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவேயுள்ள ஷாட்கி டயோடு. அக்குற்றச்சாட்டு எப்போது நியாயம், எப்போது வீண் என்பதை அறிதல் அவசியம்.

பம்பின் புட்வால்வு தண்ணீரை மேலே விட்டு, கீழே இறங்கவொட்டாமல் தடுக்கிறது. டயோடும் அவ்வாறே மின்சாரத்தைத் தகட்டிலிருந்து பாட்டரிக்கு விட்டு, இரவில் திரும்பாமல் தடுக்கிறது. ஷாட்கி வகையில் இத்தடை, உலோகமும் சிலிக்கனும் சேருமிடத்தில் உண்டாகிறது. இதன் தத்துவத்தை 1938-ல் விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி வால்ட்டர் ஷாட்கி.

மூன்று ஆம்பியர் செல்லும்போது சாதாரண சிலிக்கன் டயோடில் சுமார் 1 வோல்ட் வீணாகும். ஷாட்கியில் சுமார் அரை வோல்ட்டே வீணாகும். இந்த லாபத்துக்கு ஈடாக, எதிர்த்திசையில் சிறிது மின்சாரம் கசியும். தடை தாழ்ந்திருப்பதே இரண்டுக்கும் காரணம்.

வழக்கத்திலுள்ள 1என்5822 என்னும் டயோடை உதாரணமாகக் கொள்ளலாம். எதிர்த்திசையில் 40 வோல்ட் இருக்கையில், 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் அதன் கசிவு 2 மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. 100 டிகிரியில் 20 வரை ஏறலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை முன்னதில் 20,000 ஓம். பின்னதில் 2,000 ஓம். டயோடு ஒன்றே, தடை மட்டும் பத்திலொன்றாகிறது. ஆகையால் இது நிலையான அளவன்று. உஷ்ணத்தையும் வோல்ட்டையும் ஒட்டி மாறுவது. ஓம் மீட்டர் எதிர்த்திசையில் ஏதோ ஓரளவு காட்டியதென்று நல்ல டயோடை எறிந்துவிடலாகாது.

கணக்கும் இதையே சொல்லும். 2 மில்லி ஆம்பியர் 12 மணி நேரம் கசிந்தால் இழப்பு 24 மில்லி ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர்-மணி பாட்டரியில் அது எண்ணூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தகைய கசிவால் பாட்டரி இறங்காது. கிழடான பாட்டரியையும், பூத்துப்போன முனைகளையும், தூசி படிந்த தகட்டையும் முதலில் கவனிக்கவேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. டயோடின் ஒரு முனையைக் கழற்றியபின் ஓம் மீட்டரால் இருதிசையிலும் பார்க்கவேண்டும். இரண்டிலும் தடை ஏறக்குறைய பூஜ்யமானால் டயோடு கெட்டது. ஐயமிருந்தால், அதை மீண்டும் இணைத்து, நன்றாக இருட்டியபின் தகட்டிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் கம்பியின் நடுவே ஆம்பியர் மீட்டரைச் சேர்க்கலாம். முதலில் பெரிய அளவில் வைத்தே தொடங்கவேண்டும். சில மில்லி ஆம்பியர் ஓடினால் குறையில்லை. நூற்றுக்கணக்கில் ஓடினால் மாற்றியே தீரவேண்டும். சார்ஜ் கண்ட்ரோலர் உள்ள இடங்களில் பெரும்பாலும் அதுவே இவ்வேலையைச் செய்வதால் தனி டயோடு இராது.

தகட்டின் பின்புறப் பெட்டியிலும் ஷாட்கி டயோடுகள் உண்டு. மரநிழல் தகட்டின் ஒரு பகுதியில் விழுந்தால் அவை மின்சாரத்தைச் சுமந்து சூடேறும். நிழல் விலகியதும் சூடு தணியுமுன் எதிர் வோல்ட் விழ, கசிவு மிகும். கசிவால் சூடும், சூட்டால் கசிவும் வளர்ந்து டயோடு கருகுவதுமுண்டு. ஆதலின் தகட்டின்மேல் நிழல் விழும் கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுதல் நலம். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.